லண்டன் தெருவுக்கு அடியில் ஒரு ரோமானியத் தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் நகரின் நடுவில் 1994க்கும் 1996க்கும் இடையே நடந்த ஒரு அகழாய்வு, ஒரு தெரு பிறந்த கதையை மரமும் மண்ணுமாக வெளியே கொண்டுவந்தது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அருகிலேயே நடந்த வேறு சில அகழாய்வுகளும் இடையில் வரும். அவற்றை விட்டுவிட்டு இந்தத் தெருவின் கதையைச் சொல்ல முடியாது.

எந்தத் தெரு? எங்கே இருக்கிறது?

பேங்க் என்ற சுரங்க ரயில் நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்தால் ஒரு பக்கம் இங்கிலாந்து வங்கி, இன்னொரு பக்கம் நகர மேயரின் மாளிகை. அங்கிருந்து மேற்கே போகிற குட்டித் தெருவின் பெயர் பௌல்ட்ரி. இடைக்காலத்தில் கோழி விற்ற தெரு என்பதால் அந்தப் பெயர். தெரு முனையில் ரோஜா நிறமும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக ஒரு கட்டடம் நிற்கிறது. ஜேம்ஸ் ஸ்டர்லிங் வடிவமைத்தது. அதைக் கட்டுவதற்காக அங்கிருந்த விக்டோரியா காலத்துக் கட்டடங்களை இடித்தபோதுதான் லண்டன் அருங்காட்சியகத்தின் தொல்லியல் குழு உள்ளே இறங்கியது.

ரோமானியர் காலத்தில் லண்டனின் பெயர் லண்டினியம். ஊர் இரண்டு மேடுகளில் அமைந்திருந்தது. கிழக்கே கார்ன்ஹில், மேற்கே லட்கேட் ஹில். நடுவே வால்புரூக் என்ற ஓடை தேம்ஸ் ஆற்றை நோக்கி ஓடியது. இரண்டு மேடுகளையும் இணைத்து, ஓடையைக் கடந்து போன கிழக்கு மேற்குப் பெருந்தெருதான் இங்கே கிடைத்தது. இன்று அந்த ஓடை கண்ணுக்குத் தெரியாது. பெயர் மட்டும் ஒரு தெருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு தெரு எப்படி மண்ணுக்குள் போகும்? ஊர் அமிழ்ந்துவிட்டதா?

ஊர் அமிழவில்லை, தரைதான் உயர்ந்தது. வால்புரூக் பள்ளத்தாக்கில் ரோமானியர் காலத்து மண்ணைத் தொட வேண்டுமானால் இன்றைய தரையிலிருந்து ஆறேழு மீட்டர் இறங்க வேண்டும்.

தொடக்க கால லண்டினியத்தின் வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டம் போட்டு, களிமண் பூசி, கூரை வேய்ந்தவை. இருபது முப்பது வருடத்தில் அவை ஆட்டம் கண்டுவிடும். இடித்தால் அந்த மண்ணை யாரும் அள்ளிக்கொண்டு போவதில்லை. அங்கேயே பரப்பி, மிதித்து, மேலே புது வீடு கட்டிக்கொள்வார்கள். வீட்டுத் தரை உயர்ந்தால் தெருவையும் உயர்த்தியாக வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் தெருவிலேயே நிற்கும். போதாததற்கு ஓடைக்கரை சதுப்பாக இருந்ததால் வண்டி வண்டியாக மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கினார்கள். இப்படி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நடந்தால் தாத்தா நடந்த தெரு பேரனின் காலுக்குக் கீழே எங்கேயோ போய்விடும்.

இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரில் இருப்பதுபோலப் பெரிய பெரிய கல் பாவிய தெருவா?

இல்லை. படங்களில் பார்க்கிற கருங்கல் பலகைகளை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். லண்டினியத்துத் தெருக்கள் கப்பி ரோடுகள். சரளைக்கல்லை மணலோடு கொட்டி, அடித்து இறுக்கி, நடுவில் சற்றுக் கூனலாகவும் ஓரங்களில் சரிவாகவும் போட்டிருப்பார்கள். தண்ணீர் வழிந்து ஓரத்து வடிகாலில் விழும். தேய்ந்தால் மேலே இன்னொரு அடுக்கு.

இந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது ஒரு அனுபவம். ஒவ்வொரு அடுக்கின் மேற்பரப்பிலும் கூழாங்கற்கள் உருண்டு வழுவழுப்பாகியிருக்கும். செருப்பும் சக்கரமும் தேய்த்த தேய்ப்பு அது. அதன்மேல் மெல்லிய சேற்றுப் படலம், அதன்மேல் மறுபடியும் புதுச் சரளை. பாசனக் கால்வாய்க் கரையில் நாம் பார்க்கிற மண்வரிகளைப் போலத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வரியும் யாரோ கூலி வாங்கிக்கொண்டு போட்ட வேலை. சில அடுக்குகள் கான்கிரீட் மாதிரி இறுகியிருக்கும். கொத்தனார் கரண்டி எடுபடாது, கொத்துதான் வேண்டும்.

எப்போது போட்ட தெரு என்று எப்படித் தெரிந்தது?

இந்த அகழாய்வில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெருவுக்கு அடியில் ஓக் மரப் பலகைகளால் செய்த ஒரு வடிகால் இருந்தது. தெருவைப் போடுவதற்கு முன்பே தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார்கள். ஈர மண்ணில் புதைந்திருந்ததால் மரம் மக்கவில்லை. மக்காத ஓக் மரம் கிடைத்துவிட்டால் தொல்லியலாளருக்கு நாட்காட்டியே கிடைத்த மாதிரி.

மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட ஆண்டில் ஒடுங்கிவிடும். ஒரே வட்டாரத்தில் வளர்ந்த மரங்களில் இந்த அகலமும் ஒடுக்கமும் ஒரே வரிசையில் வரும். இன்று உயிரோடு இருக்கும் மரத்தில் தொடங்கி, பழைய வீடுகளின் உத்தரங்கள், தேவாலயக் கூரைகள், சதுப்பில் கிடந்த கட்டைகள் என்று ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக்கொண்டே போனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு நீளும் ஒரு அட்டவணை கிடைக்கும். புதிதாக வந்த பலகையின் வளையங்களை அந்த அட்டவணையில் எங்கே பொருந்துகிறது என்று தேடுவார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் பலகையில் இருந்துவிட்டால் மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். அந்தக் கடைசி வளையம் முழுதாக முடிந்து, அடுத்த வசந்தத்தின் வளர்ச்சி தொடங்காமல் இருந்தால் வெட்டியது குளிர்காலத்தில்.

பௌல்ட்ரி வடிகாலின் ஓக் மரம் கி.பி. 47-48 குளிர்காலத்தில் வெட்டப்பட்டது. அக்காலத் தச்சர்கள் ஓக்கைப் பச்சையாகவே இழைத்துவிடுவார்கள், காய வைத்தால் இரும்பாகிவிடும். ஆகவே வெட்டிய கொஞ்ச காலத்திலேயே அது தெருவுக்குக் கீழே போயிருக்கும். கிளாடியஸ் பேரரசரின் படை பிரிட்டனில் இறங்கியது கி.பி. 43இல். நாலைந்து ஆண்டுக்குள் இங்கே வடிகாலோடு ஒரு பெருந்தெரு! லண்டன் எப்போது பிறந்தது என்ற கேள்விக்கு இவ்வளவு நெருக்கமான பதில் அதற்குமுன் கிடைத்ததில்லை.

காசு கிடைத்தால் அதிலேயே காலம் தெரிந்துவிடாதா?

பாதிதான் தெரியும். ஒரு அடுக்கில் நீரோ பேரரசரின் காசு கிடைத்தால், அந்த அடுக்கு நீரோவுக்கு முந்தையது இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். காசு ஐம்பது ஆண்டு கை மாறிவிட்டுக் கீழே விழுந்திருக்கலாம். பழைய குழியைத் தோண்டியபோது மேலே வந்திருக்கலாம். அதனால்தான் ஒரு பொருள் கிடைத்தது என்பதைவிட, எந்த அடுக்கில், எதற்குக் கீழே, எதற்கு மேலே கிடைத்தது என்பதற்கு இவ்வளவு மரியாதை. மண்ணிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்த காசு பாதி ஊமை.

தெரு ஓரத்தில் என்ன இருந்தது?

கடைகள். தெருவைப் பார்த்த முகப்பு குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் இருக்கும் வரிசைக் கட்டடங்கள். முன்னால் வியாபாரம், நடுவில் பட்டறை, பின்னால் குடியிருப்பு. தெருமுகம் விலை கூடிய இடம் என்பதால் ஆளுக்கு ஒரு துண்டு. டாசிட்டஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் லண்டினியத்தை வணிகர்களும் சரக்கும் நிறைந்த ஊர் என்று எழுதிவைத்தார். மண்ணும் அதைத்தான் சொல்கிறது.

பிறகு ஒரு நாள் எல்லாம் எரிந்தது.

கிழக்கு பிரிட்டனில் ஐசீனி என்ற குலம். அதன் அரசன் இறந்ததும் ரோமானிய அதிகாரிகள் நாட்டைச் சூறையாடினார்கள். அரசி பூடிக்காவைக் கசையால் அடித்தார்கள், அவளுடைய மகள்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். அவள் படை திரட்டினாள். கி.பி. 60 அல்லது 61இல் அந்தப் படை மூன்று ஊர்களைக் கொளுத்தியது. லண்டினியம் அவற்றில் ஒன்று. ஆளுநர் பவுலினஸ் காக்க முடியாது என்று கணக்குப் போட்டு ஊரைக் கைவிட்டுப் போனார். போக முடியாத முதியவர்களும், ஊரை விட மனமில்லாதவர்களும் அங்கேயே மடிந்ததாக டாசிட்டஸ் எழுதுகிறார்.

அந்த நாள் லண்டன் மண்ணில் ஒரு செம்படுகையாக நிற்கிறது. களிமண் சுவர்கள் தீயில் வெந்து செங்கல் நிறமாகி, கரியோடு கலந்து விழுந்த படுகை. சில இடங்களில் அரை மீட்டர் கனம். பௌல்ட்ரியின் தொடக்ககாலக் கடைகளும் இந்தத் தீயில் போனவைதான். குழியின் சுவரில் அந்தச் சிவப்புக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் பூடிக்கா என்ற பெயரைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது.

தீக்குப் பிறகு ஊர் எவ்வளவு காலம் பாழாகக் கிடந்தது?

பாழாகவே கிடந்ததாக முன்பு நினைத்தார்கள். ஒரு மரப்பலகை அந்த எண்ணத்தை மாற்றியது.

பௌல்ட்ரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் தலைமையகம் கட்ட 2010க்கும் 2014க்கும் இடையே அகழாய்வு நடந்தது. வால்புரூக்கின் ஈரச் சேற்றிலிருந்து 405 எழுதுபலகைகள் வெளிவந்தன. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன மரப்பலகைகள். ஒரு பக்கம் குழித்து, கருப்பு மெழுகு பூசி, இரும்பு எழுத்தாணியால் எழுதுவார்கள். மெழுகு எப்போதோ போய்விட்டது. ஆனால் அழுத்தி எழுதியவர்களின் ஆணி மெழுகைத் தாண்டி மரத்தில் கீறியிருக்கிறது. அந்தக் கீறலைத்தான் படிக்க வேண்டும். மெழுகை அழித்து அழித்து எழுதியதால் ஒரே பலகையில் இரண்டு மூன்று கடிதங்களின் கீறல்கள் பின்னிக்கிடக்கும். பல கோணங்களில் வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்து எண்பதுக்கும் மேற்பட்டவற்றைப் படித்தவர் ரோஜர் டாம்லின் என்ற அறிஞர்.

அவற்றில் ஒன்று கி.பி. 62 அக்டோபர் 21 தேதியிட்டது. வெருலேமியத்திலிருந்து லண்டனுக்கு நவம்பர் 13க்குள் இருபது சுமை உணவுப்பொருள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், ஒரு சுமைக்குக் கூலி கால் டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) என்று ஒப்பந்தம். வெருலேமியமும் பூடிக்கா எரித்த ஊர்தான். எரிந்து ஓரிரு ஆண்டில் எரிந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே வண்டி ஓடுகிறது, கூலி பேசுகிறார்கள், கெடு வைக்கிறார்கள்.

இன்னொன்று கி.பி. 57 ஜனவரி 8. விற்று ஒப்படைத்த சரக்குக்காகக் கிராட்டஸுக்கு 105 டெனாரியஸ் தர வேண்டியிருக்கிறது என்று திபுல்லஸ் எழுதிக்கொடுத்த கடன் சீட்டு. இருவருமே அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். வேறொரு பலகையில் வெறும் அகர வரிசை மட்டும் இருக்கிறது. யாரோ எழுதிப் பழகியிருக்கிறார்கள்.

இரண்டாயிரம் ஆண்டு மரம் எப்படி மக்காமல் இருந்தது? வெளியே எடுத்தால் என்ன ஆகும்?

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கும் காற்று வேண்டும். நீர் நிறைந்த சேற்றில் காற்று நுழையாது. தோல் செருப்பு, கூடை, வேலி, கதவு எல்லாம் அப்படியே இருக்கும். ஆபத்து வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. மரத்தின் உள்ளே இப்போது வடிவத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது தண்ணீர்தான். வெயில் பட்டால் சுருங்கி, வெடித்து, ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும். அதனால் எடுத்த உடனே தண்ணீரில் போடுவார்கள். பிறகு தண்ணீருக்குப் பதிலாக மெழுகு போன்ற ஒரு பாலிமரை மெதுவாக உள்ளே ஏற்றி, உறைய வைத்து உலர்த்துவார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை.

நகரத்தின் நடுவே கட்டட வேலையை நிறுத்திவிட்டா தோண்டினார்கள்?

நிறுத்தவில்லை. பௌல்ட்ரியில் கட்டடத்தை மேலிருந்து கீழாகக் கட்டும் முறையைக் கையாண்டார்கள். முதலில் தூண்களை ஆழமாக இறக்கி, தரைத்தளத்தைப் போட்டுவிட்டார்கள். அதன்மேல் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்க, கீழே விளக்கு வெளிச்சத்தில் தொல்லியலாளர்கள் கொத்தனார் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

தோண்டுகிற முறைக்கு ஒரே விதி: கடைசியாக வந்ததை முதலில் எடு. ஒவ்வொரு அடுக்குக்கும், குழிக்கும், சுவருக்கும் தனி எண். ஒவ்வொன்றையும் தனியாக வரைந்து, மட்டம் பார்த்து, மண்ணின் நிறத்தையும் பதத்தையும் எழுதிய பிறகுதான் அகற்றுவார்கள். எது எதற்கு மேல் என்ற உறவை ஒரு வம்சாவளிப் படம் போலக் கட்டம் கட்டமாக இணைப்பார்கள். 1973இல் எட்வர்ட் ஹாரிஸ் உருவாக்கிய முறை என்பதால் அதற்கு ஹாரிஸ் அணி என்று பெயர். மண்ணை வாளிகளில் எடுத்துத் தண்ணீரில் கரைத்துச் சலிப்பார்கள். மேலே மிதந்து வருகிற கருகிய தானியமும் விதையும் அன்றைய சமையலைச் சொல்லும்.

ஒரு அடுக்கை எடுத்துவிட்டால் அது போனது போனதுதான். திரும்ப வைக்க முடியாது. குறிப்பெழுதுவதில் சோம்பல் காட்டினால் அந்த அடுக்கு இருந்ததற்குச் சாட்சியே இல்லை. இந்த அகழாய்வின் ரோமானியப் பகுதிக்கு முழு அறிக்கை அச்சாகி வந்தது 2011இல். பதினைந்து ஆண்டுகளா என்று கேட்பவர்கள் உண்டு. எத்தனை ஆயிரம் அடுக்குகளை மேசையில் மறுபடி அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள் என்று யோசித்தால் கேட்கத் தோன்றாது.

செலவு யாருடையது?

கட்டடம் கட்டுகிறவருடையது. 1990இல் இங்கிலாந்தில் வந்த திட்டமிடல் வழிகாட்டுதல் இதை நடைமுறையாக்கியது. கூடுமானவரை தொல்பொருளை இருந்த இடத்திலேயே விட்டுவிடு, முடியாவிட்டால் அகழ்ந்து பதிவு செய்து அறிக்கை வெளியிட நீயே பணம் கொடு.

இன்றைய தெருக்கள் ரோமானியத் தெருவின் மேலேயே போகின்றனவா?

நகரின் உள்ளே பெரும்பாலும் இல்லை. கி.பி. 410 வாக்கில் ரோம ஆட்சி முடிந்து ஊர் வெறிச்சோடியது. பல இடங்களில் ரோமானிய அடுக்குகளின் மேல் கரிய, கொழுத்த ஒரு மண்படுகை கிடக்கிறது. 886இல் ஆல்ஃபிரெட் மன்னர் ரோமானியர் கட்டிய நகர மதிலுக்குள் மக்களை மறுபடி குடியேற்றியபோது பழைய தெருக்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மதிலின் வாசல்கள் மட்டும் அதே இடத்தில் நின்றதால், வாசலுக்குப் போகும் வழிகள் ஓரளவு பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஊருக்கு வெளியே கதை வேறு. தென்கிழக்கு லண்டனில் ஓல்ட் கென்ட் ரோடு ரோமானியரின் வாட்லிங் நெடுஞ்சாலைத் தடம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2024இல் வெந்நீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது, இன்றைய தாருக்கு நேர் கீழேயே அது கிடைத்தது. ஏறத்தாழ 5.8 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் உயரம். அடியில் சரளை, அதன்மேல் இறுக்கிய சுண்ணப்பாறை, மேலே மணலும் சரளையும். மேலே பேருந்து போய்க்கொண்டிருக்கிறது.

தோண்டிய தெருவை அப்படியே விட்டுக் கண்ணாடி போட்டுக் காட்டியிருக்கலாமே?

கேட்கிறவர்களின் ஆதங்கம் எனக்கும் உண்டு. பௌல்ட்ரித் தெரு இன்று அதன் இடத்தில் இல்லை. அந்த மண் எடுக்கப்பட்டு, அங்கே இப்போது கட்டடத்தின் அடித்தளம் இருக்கிறது. ஆனால் கப்பித் தெருவைத் திறந்து வைத்தால் காய்ந்து உதிரும். மேல் அடுக்கை மட்டும் காப்பாற்றியிருந்தால் கீழே இருந்த ஓக் வடிகாலைப் பார்த்திருக்கவே முடியாது.

காட்டத்தான் வேண்டும் என்று மக்கள் அடம்பிடித்த கதையும் பக்கத்திலேயே உண்டு. 1954இல் டபிள்யூ.எஃப். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் இடிந்த இடத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். முடிய வேண்டிய கடைசி நேரத்தில் ரோமானியர் வணங்கிய மித்ராஸ் என்ற தெய்வத்தின் பளிங்குத் தலை கிடைத்தது, அங்கே இருந்தது மித்ராஸ் கோயில் என்று தெரிந்தது. இரண்டு வாரத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். சர்ச்சிலின் அமைச்சரவை வரை பேச்சுப் போனது. கோயிலைப் பெயர்த்து, 1962இல் வேறொரு இடத்தில் சிமெண்ட் வைத்துக் கட்டினார்கள். அது யாருக்கும் நிறைவாக இல்லை. 2017இல்தான் பழைய இடத்துக்கு அருகே, பழைய ஆழத்தில், திருத்தமாக மீண்டும் அமைத்தார்கள்.

லண்டன் போனால் எதைப் பார்க்கலாம்?

அந்த மித்ராஸ் கோயிலைப் பாருங்கள். ப்ளூம்பெர்க் கட்டடத்துக்கு அடியில் 7 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, முன்பதிவு செய்துகொள்வது நல்லது. எழுதுபலகையையும் அங்கேயே காணலாம். கில்ட்ஹால் ஓவியக்கூடத்தின் அடியில் 1988இல் கண்டெடுத்த ரோமானிய அரங்கத்தின் சுவர்கள் உண்டு. டவர் ஹில் அருகே மதிலின் பெரிய துண்டு வெளியிலேயே நிற்கிறது.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. லண்டனில் தோண்டியெடுத்த பொருட்களும் குறிப்புகளும் வைக்கப்பட்ட காப்பகக் கட்டடத்துக்கு மார்ட்டிமர் வீலர் இல்லம் என்று பெயர். வீலர் 1926 முதல் லண்டன் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்து, ரோமானிய லண்டனைப் பற்றி எழுதியவர். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்தார். வந்த ஆண்டே சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ஆம்போரா ஜாடியின் உடைந்த பகுதி அவர் கண்ணில் பட்டது. மத்திய தரைக்கடல் நாடுகளில் மது நிரப்பி அனுப்பும் ஜாடி. எங்கிருந்து வந்தது என்று கேட்டார். புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேடு.

1945இல் அங்கே குழி போட்டார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புத் தட்டுகளின் ஓடுகளும், தமிழ் பிராமி கீறிய பானையோடுகளும் அந்த ஊரில் கிடைத்தன. அந்தச் சிவப்புத் தட்டுகளை வீலர் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்தார். அப்படியானால் லண்டனில் முதல் தெருவுக்காக அந்த ஓக் மரத்தை வெட்டுவதற்கு முன்பே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் இத்தாலியத் தட்டைக் கை தவறிப் போட்டு உடைத்திருக்கிறார்.